பேத்தியின் அம்பும் மாப்பிள்ளைச் சம்பா வைக்கோலும்

பண்ணைக்கு வந்த நண்பர் ஒருவர், குட்டைக்கரை ஓரமாக நின்ற நாலடி வட்டத்தையும் அதில் ஒட்டியிருந்த மஞ்சள், சிவப்பு, நீல வளையங்களையும் பார்த்துவிட்டு, "இது என்ன சார், புது மாதிரி பூச்சிப்பொறியா? பூச்சி நிறைய விழுதா?" என்று கேட்டார். இயற்கை விவசாயி தோட்டத்தில் மஞ்சள் நிறத்தில் எது தொங்கினாலும் பூச்சிக்குத்தான் என்று நினைப்பதில் தப்பில்லை. "பூச்சி இல்லீங்க, அம்பு விழுது. ஒரு நாளைக்கு 60" என்றேன்.

அது என் பேத்தி வில்வித்தை பழகும் டார்கெட். முழுக்க நம் வயல் வைக்கோல், கட்டியது தேங்காய் நார்க் கயிறு. நண்பர் போய் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு இயக்கத்தின் மாதக் கூட்டத்தில் விதை பற்றிக் கேட்பவர்களைவிட டார்கெட் பற்றிக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் வில்வித்தை தெரிந்தவன் இல்லை. 34 வருடம் வங்கியில் கணக்குப் பார்த்துவிட்டு வயலுக்கு வந்தவன். செய்ததையும் கெடுத்ததையும் மட்டும் சொல்கிறேன்.

பேத்தி எட்டாம் வகுப்பு. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் சீத்தல் தேவி என்ற பெண், இரண்டு கைகளும் இல்லாமல் பிறந்தவர், காலால் வில்லைப் பிடித்து அம்பு விட்டு வெண்கலம் வாங்கியதை டி.வி.யில் பார்த்தாள். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. அதே பாரிஸில் ஹர்விந்தர் சிங் தங்கம் வாங்கினார். ஹரியானாவில் விவசாயக் குடும்பம். கொரோனா ஊரடங்கில் பயிற்சிக்கு எங்கும் போக முடியாதபோது அவருடைய அப்பா சொந்த நிலத்தையே பயிற்சித் திடலாக மாற்றிக்கொடுத்தாராம். பாராலிம்பிக் வில்வித்தையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கமும் அவருடையது, முதல் தங்கமும் அவருடையது. "அந்தத் தாத்தா நிலத்தைக் கொடுத்தாரு, நீங்க கொடுக்க மாட்டீங்களா?" என்று இவள் கேட்டாள். அவர் தாத்தா இல்லை, அப்பா என்று திருத்திப் பார்த்தேன். எடுபடவில்லை.

பள்ளியில் வாரம் இரண்டு மாலை மட்டும்தான் பயிற்சி. மற்ற நாட்களில் வீட்டில் பழக வேண்டும். சிறுவர்க்கான மர வில்லைப் பள்ளிப் பயிற்சியாளரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். கிளம்பும்போது, "சார், வில்லைப் பத்தி எல்லாரும் பத்து கேள்வி கேப்பாங்க. டார்கெட்டைப் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. வீட்டுல பழகுறவங்களுக்கு அதுதான் முதல்ல" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இணையத்தில் பார்த்து ஃபோம் டார்கெட் ஒன்று வாங்கினேன். இரண்டடிக்கு இரண்டடி, 3,800 ரூபாய். கறுப்பு நிறம், கையில் எடுத்தால் மெத்தை மாதிரி இருந்தது. விளம்பரத்தில் "தானே மூடிக்கொள்ளும்" என்று போட்டிருந்தார்கள். முதல் இரண்டு மாதம் அப்படித்தான் மூடியது. மூன்றாம் மாதத்திலிருந்து நடுவில் மாவு மாதிரி உதிர ஆரம்பித்தது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சிறுவர் வில்லில் இருந்து கிளம்பும் அம்பேகூட நொடிக்கு 40 மீட்டர் அளவில் போகும். வேகப்பந்து வீச்சாளர் போடும் பந்தின் வேகம் அது. அம்பின் எடை 20 கிராம் அளவுதான், ஆனால் முனை கூர்மை. இதை எதிரில் நின்று மோதி நிறுத்த முடியாது. சுவரில் பட்டால் அம்பு வளையும் அல்லது உடைந்து திரும்பி வரும். பலகையில் பட்டால் முனை சிக்கி, பிடுங்கும்போது அம்பின் உடல் மட்டும் கையில் வரும். நல்ல டார்கெட் அம்பை உள்ளே விட்டு, அதன் தண்டைச் சுற்றிலும் இறுக்கிப் பிடித்து நிறுத்துகிறது. இறுக்கமான கதிர்க்கட்டில் செருகிய அரிவாள் அசையாமல் நிற்கும், தொளதொளவென்ற கட்டில் செருகினால் கீழே விழும் அல்லவா, அதே கதைதான். பொருள் எது என்பதைவிட அது எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது, அந்த இறுக்கத்தை எத்தனை முறை திரும்பக் கொண்டுவர முடியும் என்பதில்தான் டார்கெட்டின் ஆயுள் இருக்கிறது.

ஃபோமில் அந்த உராய்வுச் சூட்டில் அம்பின் மேல் மெல்லிய படலமாக உருகி ஒட்டுகிறது. பிடுங்க முடியாமல் பிள்ளை இரண்டு கையாலும் இழுப்பாள். பயிற்சியாளர் சோப்புத் துண்டால் அம்பைத் தேய்த்துவிட்டு எய்யச் சொன்னார். அது வேலை செய்தது. ஆனால் ஆறிப்போன ஃபோமை இறுக்குவதற்கு வழியே இல்லை. இன்னொன்றும் எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. பிள்ளை எய்யக் கற்றுக்கொள்ளாத வரைக்கும் அம்பு நாலாபக்கமும் விழும், டார்கெட் நீடிக்கும். அவள் நன்றாக எய்ய ஆரம்பித்தால் எல்லா அம்பும் ஒரே இடத்தில் விழும், அந்த இடம் செத்துப்போகும். கெட்டிக்காரப் பிள்ளைக்குத்தான் டார்கெட் செலவு அதிகம்.

ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் குட்டையில் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி "தாத்தா" என்று ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நடுமஞ்சளில் விழுந்த அம்பு ஃபோமைத் துளைத்து வெளியேறி, முப்பதடி தள்ளி இருந்த மாட்டுத்தொழுவின் பனங்கால் ஒன்றில் குத்தி நின்றது. அந்தக் காலில்தான் பதினைந்து நாள் கன்றைக் கட்டியிருந்தோம். கன்றின் கழுத்துக்கும் அம்புக்கும் ஒரு சாண் இருக்கும். கன்று பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. எனக்குத்தான் உட்கார இடம் தேவைப்பட்டது.

தப்பு ஃபோம் செய்தவர்கள்மேல் இல்லை. பின்னால் தொழு இருக்கிற இடத்தில் டார்கெட்டை வைத்தது நான். நடுப்பகுதி தேய்ந்ததைப் பார்த்துக்கொண்டே "இந்த மாசம் ஓட்டிடலாம்" என்று விட்டதும் நான். டார்கெட்டுக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்த்திருந்தால் முனை வெளியே எட்டிப்பார்க்க ஆரம்பித்தது தெரிந்திருக்கும். அன்று மதியம் என் மனைவி வில்லை எடுத்து பீரோவில் பூட்டிவிட்டாள். பேத்தி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பாட்டியோடும் பேசவில்லை. கன்றுக்குட்டியிடம் மட்டும் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பூட்டைத் திறக்க என் மனைவி இரண்டு நிபந்தனை போட்டாள். அம்பு போகிற திசையில் உயிர் எதுவும் இருக்கக் கூடாது. அந்தக் கறுப்பு மெத்தை மறுபடி வீட்டுக்குள் வரக் கூடாது. இரண்டாவதற்குக் காரணம் உண்டு. உதிர்ந்த ஃபோம் துணுக்குகள் காற்றில் பறந்து கத்தரிப் பாத்தி மூடாக்கில் போய்ச் சேர்ந்திருந்தன. கோழிகள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன. பொறுக்கிப் பார்த்தோம். சோளப்பொரி அளவு இருப்பதைப் பொறுக்கலாம், ரவை அளவு இருப்பதை என்ன செய்ய? பிளாஸ்டிக் மூடாக்கே வேண்டாம் என்று கூட்டத்தில் பேசுகிறவன் வீட்டு மண்ணில் அது கிடக்கிறது. இன்னும் மழைக்கு மழை ஒன்றிரண்டு மேலே வருகிறது.

முதலில் இடத்தை மாற்றினோம். பண்ணைக்குட்டை வெட்டிய மண்ணை வடக்குப் பக்கம் ஏழடி உயரக் கரையாகப் போட்டிருக்கிறேன். அதன் முன்னால் டார்கெட், தெற்கே நின்று வடக்கே பார்த்து எய்வது. வில்வித்தைத் திடல்களை நம் பக்கத்து நாடுகளில் வடக்குப் பார்த்துத்தான் அமைப்பார்கள், காலை மாலை வெயில் கண்ணில் அடிக்காது. தவறிய அம்பு மண்கரையில் செருகி நிற்கும். கரையில் கல் பொறுக்கிப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அம்பு தெறிக்கும். குட்டை வெட்டியிருக்கிற எவருக்கும் இந்தக் கரை செலவில்லாமல் இருக்கிறது. மதில் சுவரை நம்பி யாரும் அம்பு விடாதீர்கள்.

பிறகு டார்கெட். மாற்று தேடி நான் செய்த கூத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாழைத்தண்டு வைத்துப் பார்த்தேன். விஜயதசமி அன்று அம்பு போடும் திருவிழாவில் சாமி வாழை மரத்தில்தானே அம்பு விடுகிறது. ஆனால் சாமி விடுவது ஒரே ஒரு நாள். இவள் 60 அம்பு விட்டதும் மரம் சல்லடையாகி நடுவில் ஒடிந்தது. கறை வேறு, அம்பின் இறகெல்லாம் கறுப்பு. அடுத்து கோணிப்பையில் பழந்துணி அடைத்துத் தொங்கவிட்டோம். இது மோசமில்லை, துணி இறுக்கமாக அடைத்தால் அம்பு நன்றாக நிற்கும், பிடுங்குவதும் சுலபம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இதிலேயே ஆரம்பிக்கலாம். பொத்தான், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட வேண்டும், ஒரு ஜிப்பில் பட்டு எங்களுக்கு அம்பு முனை வளைந்தது. எங்களுக்கு ஒத்துவராததற்குக் காரணம், துணி நாளாக நாளாக அடியில் போய் உட்கார்ந்துகொண்டு மேல்பாதி காலியாகிவிடுகிறது. ஐப்பசி மழையில் ஒருமுறை நனைந்தது, காயவே இல்லை, எலி குடிவந்தது. அடைத்ததில் பாதி பாலியஸ்டர் சேலை, அதையும் கடைசியில் மண்ணில் போட முடியாது.

மூன்றாவதாக, அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் உருட்டிக் கட்டுகிறார்களே, அந்த வைக்கோல் உருளை. இதுதான் சரி என்று நினைத்து நட்டுக்குத்தாக நிறுத்தினேன். 15 மீட்டரில் இருந்து விட்ட அம்பு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் முக்கால்வாசி வெளியே வந்தது. எனக்கு ஒரே ஆச்சரியம், இரண்டடித் தடிமன் இருக்கிறதே. பழைய புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டடி விட்டம், மூன்றடி நீளம், ஒன்பதரை கன அடி. எடை 20 கிலோ. கன அடிக்கு இரண்டு கிலோ சொச்சம்தான். பார்க்க உருளை, உள்ளே பாதிக்கு மேல் காற்று.

அப்போதுதான் எங்கள் வயலுக்கு நடவுக் காலத்தில் வரும் அண்ணாச்சி குறுக்கே வந்தார். எழுபத்தைந்து வயது. உருளையின் ஒரு பிடியை உருவிக் கையில் திரித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். "மேனேஜர் சார், இதுல ஒண்ணும் ஆவாது. மிசினு மென்னு துப்புனதுல்லா இது. பிரி திரிக்க நெட்ட வைக்கல் வேணும். கோட்டை கெட்டுன மாதிரி கெட்டினா உங்க அம்பு எப்படிப் போவுதுன்னு பாத்துடுவோம்."

கோட்டை கட்டுவது இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. விதைநெல்லை வைக்கோல் நடுவில் கொட்டி, வைக்கோல் பிரியால் சுற்றிச் சுற்றி இறுக்கி, பந்து மாதிரி உருட்டி, மேலே சாணம் மெழுகி வைப்பார்கள். விதை பூச்சி விழாமல் அடுத்த பருவத்துக்கு அப்படியே நிற்கும். தாமிரபரணிப் பாசனத்தில் நிலத்தையே கோட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். நான் அம்பாசமுத்திரம் பக்கம் கிளையில் இருந்தபோது அடமானத்துக்கு வரும் பழைய பத்திரங்களில் "ஒரு கோட்டை விதைப்பாடு" என்று இருக்கும், அதை ஏக்கராக மாற்றி எழுதுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். விதையைச் சாக்கில் வாங்க ஆரம்பித்த பிறகு கோட்டை போய்விட்டது. அண்ணாச்சி கடைசியாகக் கட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறதாம். பானை வைக்கிற பிரிமணைகூட இப்போது பிளாஸ்டிக் வளையம்தான்.

நெட்டை வைக்கோல் என்னிடம் இருந்தது. அது ஒரு தனிக் கதை. அந்தப் பிசானத்தில் 25 சென்டில் மாப்பிள்ளைச் சம்பா போட்டிருந்தேன். நெஞ்சு உயரம் வளர்ந்து, தை மாசக் காற்றில் படுத்துவிட்டது. படுத்த பயிரில் மிஷின் இறக்க மாட்டேன் என்று டிரைவர் போய்விட்டார். ஆள் விட்டு அரிவாளால் அறுத்து, கையால் அடித்தோம். அறுப்புக் கூலியைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் இந்த நெட்டை ரகமே வேண்டாம் என்று டைரியில் எழுதிவைத்தேன். 1966இல் ஐ.ஆர்.8 வந்ததிலிருந்து குட்டை ரகம், குட்டை வைக்கோல் என்று நாமும் பழகிவிட்டோம். அப்படி அறுத்ததால்தான் தாள் ஒடியாமல், நசுங்காமல், மூன்றரை அடி நாலடி நீளத்துக்கு முழுசாகப் படப்பில் இருந்தது.

வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலம் வைக்கோலை உதறி, தூசி துரும்பு எடுத்து, தண்ணீர் தெளித்துச் சாக்குப் போட்டு மூடினோம். காய்ந்த தாள் திரிக்கும்போது ஒடியும். ரொம்ப நனைந்தாலும் பின்னால் காய்ந்து சுருங்கித் தளர்ந்துவிடும், உள்ளே பூஞ்சணமும் பிடிக்கும். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. மறுநாள் காலை அண்ணாச்சியும் அவர் மகனும் உட்கார்ந்தார்கள். ஒருவர் திரிக்க, ஒருவர் வைக்கோல் கொடுக்க, கெண்டைக்கால் பருமனுக்கு, அதாவது நாலு அங்குலத்துக்கு, ஒரே பிரி. அதை நடுவில் இருந்து ஆரம்பித்து நத்தை ஓடு மாதிரி சுற்றிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு சுற்றையும் முந்தின சுற்றோடு கோணி ஊசியில் நார்க் கயிறு கோத்துத் தைத்து, கொட்டாப்புளியால் ஓரத்தில் நாலு அடி அடித்து இறுக்கி, பிறகு அடுத்த சுற்று. அவர் அடித்த அடியில் நான் ஒரு சுற்று அடித்துப் பார்த்தேன். தோள் வலி இரண்டு நாள்.

ஒரு நாளில் நாலடி விட்டத்துக்கு ஒரு தட்டு. மறுநாள் இன்னொன்று. இரண்டையும் ஒன்றின் பின்னால் ஒன்றாக வைத்துக் கட்டினால் எட்டு அங்குலத் தடிமன். இரண்டாவது தட்டை ஆரம்பிக்கும்போது நடுப்பகுதியை அரைப்பிரி விலக்கிச் சுற்றச் சொன்னேன், முன் தட்டின் தையலும் பின் தட்டின் தையலும் ஒரே நேர்க்கோட்டில் வரக் கூடாது. எடை போட்டால் ஒரு தட்டு 26 கிலோ. கன அளவு நாலு சொச்சம் கன அடி. அதாவது கன அடிக்கு ஆறு கிலோவுக்கு மேல். உருளையைப் போல மூன்று மடங்கு. இன்னொரு சூட்சுமம், பிரி வட்டமாகச் சுற்றியிருப்பதால் அம்பு எங்கே விழுந்தாலும் தாளுக்குக் குறுக்கேதான் விழும். உருளையில் தாள் ஒரு பக்கம் நெடுக்காகக் கிடக்கும், அம்பு சந்து கண்டுபிடித்துப் போய்விடும்.

முதல் அம்பு விடும்போது தொழுவில் இருந்த மாட்டை எல்லாம் அவிழ்த்துத் தோப்புக்குக் கொண்டுபோய்விட்டாள் என் மனைவி. டார்கெட் இப்போது தொழுவுக்கு எதிர்த்திசையில் இருக்கிறது என்று சொன்னதெல்லாம் கேட்கவில்லை. 18 மீட்டரில் இருந்து பேத்தி விட்டாள். பொத்தென்று ஒரு சத்தம். அம்பு ஒரு சாண்கூட உள்ளே போகவில்லை. அண்ணாச்சி பின்னால் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வெற்றிலைப் பையை எடுத்தார்.

அது ஆகி 14 மாதம். பேத்தி மதிப்பெண் எழுதுகிற நோட்டில் நான் அம்புக் கணக்கு எழுதுகிறேன். பரீட்சை, மழை, காய்ச்சல் போக 13,000 அம்பு தாங்கியிருக்கிறது. ஃபோம் தாங்கியது 6,000. செலவைப் பார்த்தால் அண்ணாச்சிக்கும் மகனுக்கும் இரண்டு நாள் கூலி 2,800, கயிறு 350, வைக்கோலை விற்றிருந்தால் ஒரு 350, ஆக 3,500. பிறகு பழுது பார்க்க 600. அம்புக்கு 32 பைசா கணக்கு வருகிறது, ஃபோமுக்கு 63. கையில் இருந்து போகும் முதல் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வைக்கோல் சும்மா கிடைக்கிறது, அதனால் மலிவு என்று நினைத்து இறங்காதீர்கள். இதில் இருப்பது கைவேலை.

பராமரிப்பில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சம். வட்டத் தட்டு ஆயிற்றே, வாரம் ஒருமுறை கால்வட்டம் சுழற்றிவிட்டால் தேய்மானம் பரவும் என்று பெருமையாகச் சொன்னேன். "எப்படிச் சுத்தினாலும் நடுப்புள்ளி நடுவுலதான தாத்தா இருக்கும்?" என்றாள் பேத்தி. பி.எஸ்சி. கணிதம் படித்தவன் நான். இப்போது 40 செ.மீ. தாள் நாலு, நடுவை விட்டு நாலு மூலையில் ஒட்டுகிறோம். 18 மீட்டர் போட்டிக்கு அந்த அளவுத் தாள்தான். பிரி ஆரம்பிக்கிற நடுப்புள்ளிதான் தட்டிலேயே தளர்ந்த இடம், அங்கே அம்பு விழாமல் இருப்பதும் நல்லது. நாலு மூலையும் முறை வைத்து எய்துவிட்டு, மூன்று மாதம் ஆனதும் முன் தட்டைப் பின்னால் போட்டுப் பின் தட்டை முன்னால் கொண்டுவருகிறோம். அப்போதே தளர்ந்த தையலைப் பிரித்து, இடுக்கில் புது வைக்கோல் செருகிக் கொட்டாப்புளியால் அடித்து மறுபடி தைத்துவிடுவது. ஃபோமில் செய்ய முடியாதது இதுதான்.

ஸ்டாண்டு பனஞ்சட்டத்தில் செய்தது. பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி தட்டின் நடு, தரையில் இருந்து 130 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி, கொஞ்சம் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறோம். தட்டின் அடிப்பகுதி முழங்கால் உயரத்துக்கு மேல் நிற்பதால் கரையான் எட்டுவதில்லை, ஆனால் சட்டத்தின் கால் வழியாக ஏறப் பார்க்கும். காலைக் கல்லின் மேல் நிறுத்தி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மண் கோடு தெரிகிறதா என்று பார்த்துத் தட்டிவிடுவேன். மேலே தென்னங்கீற்றில் ஒரு சின்னக் கூரை. ஐப்பசி கார்த்திகையில் தட்டைக் கழற்றிக் களத்துக் கொட்டகைக்குள் கொண்டுபோய்விட வேண்டும், சாரல் அடித்து உள்ளே ஈரம் இறங்கினால் அவ்வளவுதான். வைக்கோல் இருக்கிற இடத்துக்கு எலி வரும், எலி வந்தால் அதற்குப் பின்னால் வருவதும் வரும். பின்பக்கம் கை விடுவதற்கு முன் ஒரு கம்பால் தட்டிவிட்டுத்தான் விடுவோம்.

அம்பு பிடுங்குவதிலும் ஒழுங்கு வேண்டும். எல்லோரும் வில்லைக் கீழே வைத்த பிறகுதான் டார்கெட்டுக்குப் போவது. ஓடக் கூடாது, நீட்டிக்கொண்டிருக்கும் அம்பின் வால் கண் உயரத்தில் இருக்கும். ஒரு கையைத் தட்டில் ஊன்றி, மறு கையால் அம்பைத் தட்டுக்கு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். இழுப்பவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவதால் இதைச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருக்கிறோம்.

இப்போது மாட்டு விஷயம். 52 கிலோ வைக்கோல் என்றால் ஒரு மாட்டுக்கு ஒன்பது பத்து நாள் தீனி. "மாட்டு வாயில இருந்து பிடுங்கி விளையாட்டுக்கா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. விளையாட்டு முடிந்ததும் மாட்டுக்கே போட்டுவிடலாம் என்று சமாதானம் சொன்னேன். நல்லவேளை, செய்யவில்லை. பழைய தட்டு எதையும் மாட்டுக்குப் போடவே கூடாது. உடைந்த அம்பின் முனை எஃகு. மாடு மென்று பார்க்காமல் விழுங்கும். ஆணி, கம்பித் துண்டு மாதிரி உள்ளே போகிற இரும்பு வயிற்றின் இரண்டாம் அறையில் தங்கி, சுவரைக் குத்தி, இதயம் வரைக்கும் போகும். கால்நடை மருத்துவரைக் கேட்டால் இப்படி இறந்த மாட்டுக் கதை ஒன்றாவது சொல்வார். கார்பன் அம்பு உடைந்தால் சிலாம்பு சிலாம்பாகப் போகும், அது இன்னும் மோசம், காந்தத்திலும் ஒட்டாது. அதனால் நாங்கள் அலுமினிய அம்புதான் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நாளும் எண்ணி எடுத்து எண்ணி வைக்கிறோம், ஒரு முனை குறைந்தால் அது கிடைக்கும் வரைக்கும் அடுத்த அம்பு கிடையாது. பணப்பெட்டி மூடும்போது ஒரு ரூபாய் குறைந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது என்று இருந்த எனக்கு இது பழக்கம். பேத்திக்குத்தான் எரிச்சல். தட்டு தேய்ந்து முடிந்த பிறகு பிரித்து உதறி, காந்தம் ஓட்டி, தென்னை மூட்டுக்கு மூடாக்காகப் போடுவதாகத் திட்டம். நைலான் கயிறும் கட்டுக்கம்பியும் முதலிலேயே வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

இந்தத் தட்டு எல்லா வில்லுக்கும் ஆகாது. பயிற்சியாளர் ஒருமுறை தன்னுடைய காம்பவுண்ட் வில்லைக் கொண்டுவந்து 30 மீட்டரில் இருந்து விட்டுப் பார்த்தார். சக்கரம் வைத்த வில், அம்பு போனதே கண்ணுக்குத் தெரியவில்லை. முன் தட்டைத் துளைத்து, பின் தட்டையும் துளைத்து, முனை இரண்டு அங்குலம் வெளியே நின்றது. அந்த மாதிரி வில்லுக்கு மூன்று தட்டு வேண்டும் என்றார் அண்ணாச்சி. செய்து பார்க்காததால் நான் உறுதி சொல்ல மாட்டேன். வேட்டைக்கு உள்ள அகலப் பிளேடு முனைகள் பிரியையே அறுத்துவிடும், அதை எதிலும் போடாதீர்கள். அந்த முனை எதற்கு என்று கேட்டால், எங்கள் பக்கம் கேட்கிறவர்கள் எல்லாம் காட்டுப்பன்றிக்குத்தான் கேட்கிறார்கள். பன்றியால் நஷ்டம் எனக்கும் உண்டு, போன வருடம் சேனை முழுக்கப் போனது. ஆனால் நாமாக அம்பு விடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும். அப்படிக் கேட்டு வருகிறவர்களை அண்ணாச்சி வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

பேத்தி இப்போது 30 மீட்டருக்கு வந்துவிட்டாள். வில்லும் கொஞ்சம் கனமாக மாறியிருக்கிறது, அதனால் பின்பக்கத்தை வாரத்துக்கு இரண்டு முறை தடவிப் பார்க்கிறேன். பள்ளிக்கு இரண்டு ஜோடித் தட்டு வேண்டும் என்று பயிற்சியாளர் கேட்டிருக்கிறார். அண்ணாச்சி, கூலி போதாது, மகன் தனியாகச் செய்கிற அளவுக்குத் தொழில் படியும்படி விலை போட்டுத் தரணும் என்கிறார். அது சரிதான், உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். டைரியில் எழுதியதை அடித்துவிட்டு, இந்தப் பிசானத்துக்கு மாப்பிள்ளைச் சம்பாவை 40 சென்டாகக் கூட்டியிருக்கிறேன். வைக்கோலைத் தாள் ஒடியாமல் தனிப் படப்பாகப் போடணும், மாட்டுப் படப்போடு கலக்கக் கூடாது என்று அண்ணாச்சி இப்போதே சொல்லிவிட்டார்.